மூன்றரை மணி ஆட்டம்

மெட்ராஸில் நான் பார்க்காத ஸ்டேடியமே கிடையாது. இதை டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். காகிதத்தில் எழுதிப் பார்த்ததும் கை கூசுகிறது. பொய். இங்கே சொல்லப்போகிற நாள்வரை நான் மெட்ராஸுக்குப் போனது இரண்டே தரம். ஒரு தரம் மாநாட்டுக்கு லாரியில் போனேன். இறங்கிய இடத்திலேயே லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கி, அதே லாரியில் திரும்பிவிட்டேன். இன்னொரு தரம் கண்ணில் பூ விழுந்து ஆபரேஷனுக்குப் போனேன். ஆக, மெட்ராஸை ஒரு தரம் தூக்கத்திலும் ஒரு தரம் கண்கட்டோடும் பார்த்தவன் நான். ஸ்டேடியம் என்று எடுத்தால் மொத்தம் இரண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன். ஒன்று பூட்டியிருந்தது. இன்னொன்றில் ஆட்டம் முடிந்திருந்தது.

அங்கே நான் கூட்டிக்கொண்டு போனது என் அக்காள் புருஷனை. மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். போன மாதம் செத்துப்போனார். இன்று முப்பதாம் நாள் படையல். அவர் வீட்டுப் பின்னறையில், அவர் படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அடுப்படியில் எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள். எனக்கு வேலை கொடுத்தால் அதைத் திரும்ப ஒருவர் செய்ய வேண்டியிருக்கும் என்று என்னைச் சும்மா உட்கார வைத்துவிட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பு வாத்தியாரும் நானும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: நான் இனி வர வேண்டாம் என்று அவர் சொன்னார், போக வேண்டாம் என்று எனக்கும் பட்டது. அப்புறம் மைக் செட் வேலைக்குப் போய், ஒயர் இழுத்து, அதிலிருந்து மைக்கில் பேசுகிறவனாக ஆனேன். கபடிப் போட்டி, திருவிழா, காதுகுத்து எதுவானாலும் நைனார்பாளையம் முதல் வடக்கனந்தல்வரை என் குரல்தான். சிரிக்க வைப்பேன். அது ஒன்றுதான் தெரியும்.

மச்சான் எனக்கு நேர் எதிர். வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் வீடு. ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற கூட்டத்தில் ஒருவர். பேசுவது கம்மி. பேசினால் அது நடந்தாக வேண்டும். ஒரு நாள் என் அக்காள் என்னவோ அழுதாள் என்று, "இனிமே பீடி குடிக்கல" என்றார். வாயில் பாதி பீடி எரிந்துகொண்டிருந்தது. அதைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. எடுத்து மண்ணில் குத்தி அணைத்தார். அதோடு சரி. அதே சத்தியத்தை நான் வருஷத்துக்கு நாலு தரம் செய்வேன். என் சத்தியத்தை என் பெண்டாட்டி காலண்டர் மாதிரி வைத்திருந்தாள், இன்ன மாதம் இன்ன சத்தியம் என்று.

அவருக்கு ஒரே பெண். எங்கள் பக்கம் கபடி தெரியும், வாலிபால் தெரியும். பெண்பிள்ளை கால்பந்து ஆடுவாள் என்பது யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு விளையாட்டு டீச்சர், இவள் மலைச் சரிவில் ஆட்டை மடக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு பந்தைக் காலில் கொடுத்தார். அந்தக் கால் அவளை மெட்ராஸில் ஒரு பழைய காலேஜ்வரை கொண்டுபோய்விட்டது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இங்கே மச்சானின் அக்காள் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். தன் மகனுக்குத்தான் இந்தப் பெண் என்று பிறந்த அன்றே சொல்லிவிட்டாள். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியில் வேலை செய்கிற பையன், கெட்டவன் இல்லை. "படிக்கறது போதும், பந்தத் தூக்கிக்கினு அரைக்கால் சட்டையில ஓடறதுலாம் நம்ம வூட்டுக்கு ஆவாது" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். தன் அக்காளுக்கு எதிராக மச்சான் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அப்போது எங்கள் சொந்தத்தில் செல்போன் வைத்திருந்தது நான் ஒருவன். அதில்தான் பெண் கூப்பிட்டாள். மச்சான் காதில் போனை வைத்துவிட்டு நானும் என் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

"அப்பா, வர சனிக்கெழம எங்க காலேஜ் ஸ்டேடியத்துலயே பைனல். மூணரைக்கு. ஒரே ஒரு தரம் வந்து ஒக்காந்து பாரு. பாத்துட்டும் இது வோணாம்னு நீ சொன்னா, நான் பொட்டியக் கட்டிக்கினு வந்துடறேன். அத்த சொன்ன மாதிரியே கட்டிக்கறேன். நீ வராமப் போனாலும் அதேதான், வந்துடறேன். ஆனா நீ வருவ."

"வரேன்" என்றார் மச்சான். அவ்வளவுதான். போனைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். வழி தெரியாத மனுஷன் என்பதால் துணைக்கு நான் என்று முடிவானது. முடிவு செய்தது நான்தான். மெட்ராஸில் நான் பார்க்காத ஸ்டேடியமா என்ற வார்த்தை முதல் முதலில் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். பெண் தபாலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தாள். மெட்ராஸில் யாரிடம் காட்டினாலும் புரியட்டும் என்று இங்கிலீஷில். மச்சான் அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, நெற்றியைச் சுருக்கி, இரண்டு தரம் தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "கரெக்ட்டா எழுதிக்கீறா" என்றேன்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் நேர் பஸ். நான் போனபோது மச்சான் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை, புதுத் துண்டு, மடியில் ஒரு மஞ்சள் பை. பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு எனக்கும் இடம் பிடித்திருந்தார். அவரை அந்த சீட்டிலிருந்து இறக்கியவன் நான்.

"இன்னா மச்சான், இப்பவே போயி அங்க மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறீங்களா? எறங்குங்க."

"மூணரைன்னு சொன்னாளேடா."

"மூணரைன்னா ஆறரை. நான் நடத்தாத மேட்ச்சா?"

எங்கள் பக்கத்துக் கபடிப் போட்டி நோட்டீஸில் 'மாலை சரியாக ஆறு மணி' என்று அச்சடிப்பார்கள். சரியாக என்ற வார்த்தை இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். தலைவர் வர வேண்டும், அவருக்கு மாலை வர வேண்டும், மாலை போடுகிறவருக்கும் போட்டுக்கொள்கிறவருக்கும் நடுவே உள்ள மனஸ்தாபம் தீர வேண்டும். அதுவரை கூட்டம் கலையாமல் பிடித்து வைப்பது என் வேலை. "இன்னும் சற்று நேரத்தில்" என்பதை நாலு மணி நேரம் விதவிதமாகச் சொல்வேன். கிராமத்துத் தலைவருக்கே நாலு மணி நேரம் என்றால், மெட்ராஸ் காலேஜ், வெள்ளைக்காரன் கட்டிய ஸ்டேடியம், அதற்கு வருகிற தலைவர் எவ்வளவு பெரியவராக இருப்பார், எவ்வளவு தாமதமாக வருவார்! இதுதான் என் படிப்பு. இந்தப் படிப்பை வைத்துத்தான் அவரை இறக்கினேன்.

"ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு, படிய மறிச்சிக்கினு பஞ்சாயத்து பண்ணாத" என்றார் கண்டக்டர்.

மச்சான் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ பாத்தவன். நீ சொன்னா சரி" என்று துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பஸ் போய்விட்டது. அந்த பஸ் பதினோரு மணிக்கு மெட்ராஸில் நின்றிருக்கும்.

நாஸ்தா சாப்பிட்டோம். அதாவது நான் சாப்பிட்டேன், அவர் டீ குடித்தார். எட்டு மணிக்கு விழுப்புரம் பஸ் ஏறினோம். விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மைக் செட் கடை. புதிதாக ஒரு ஆம்ப்ளிபயர் வந்திருக்கிறது, கேட்டுவிட்டுப் போ என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மச்சானை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். ஒன்றரை மணி நேரம். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நானே பேசி, என் குரலை நானே கேட்டு, ஆஹா என்று நானே தலையாட்டினேன். வெளியே அந்த மனுஷன் மடியில் பையை வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு தரம்கூட உள்ளே வந்து கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். இரண்டு அறை விட்டிருக்கலாம்.

விழுப்புரத்தில் மெட்ராஸ் பஸ் ஏறும்போது மத்தியானம் பன்னிரண்டு. திண்டிவனம் தாண்டியதும், கேட்காமலேயே மச்சான் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"நான் எதுக்குப் போறேன்னு நெனச்சிக்கினு கீற?"

"பாத்துட்டு, வோணாம்மா வந்துடுன்னு சொல்றதுக்கு."

"இல்லடா. எங்கக்காகிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒரு வார்த்த வோணும். அவ தூக்கி வளத்தவ. அவகிட்ட எதிர்த்துப் பேச எனக்கு வாயி வராது. ஆனா நான் கண்ணால பாத்தேன், எம்பொண்ணு அங்க அவ்ளோ பெரிய எடத்துல ஆடறா, ஜனம் பாக்குது, அத நிறுத்தறது பாவம்னு சொன்னா, எங்கக்கா சும்மா வுட மாட்டா. கோயில்ல கல்பூரம் கொளுத்தி அணச்சிட்டுச் சொல்லுன்னுவா. அணச்சிட்டா அவ நம்பிடுவா. அவளும் நல்லவதான்டா. நான் பாத்துட்டா போதும்."

எங்கள் பக்கம் அப்படித்தான். உள்ளங்கையில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரத்தை ஏற்றி, சொல்வது உண்மையென்றால் மறு கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினால் வம்சத்துக்கு ஆகாது என்பார்கள். நானே அதில் மட்டும் விளையாட மாட்டேன்.

அவர் சொல்லி முடிக்கும்வரை அது எனக்கு ஒரு பிரயாணம்தான்; பெரியவர் ஒருவர் தன் பெண் ஆடுவதைப் பார்த்துவிட்டு எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார், பத்து நிமிஷம் முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன. இப்போது ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பெண்ணின் கால் என்று தெரிந்துவிட்டது. பஸ்ஸில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றேகால். அது ஓடாத கடிகாரம் என்பது அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. தலைவர் லேட்டாத்தான் வருவார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எந்தத் தலைவருக்காகவும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. தாம்பரத்துக்கு முன்னே வண்டிகள் எறும்பு மாதிரி நின்றன. "எம்மா நேரம்டா ஆவும்?" என்று மச்சான் கேட்டார். "தோ, வந்துட்டுது" என்றேன். வரவில்லை.

கோயம்பேட்டில் இறங்கும்போது மணி நாலேகால். ஆட்டோக்காரரிடம் காகிதத்தை நீட்டியிருந்தால் போதும். மச்சான் சட்டைப் பையில் கையைக்கூட விட்டார். நான்தான், எல்லாம் தெரிந்தவன், முந்திக்கொண்டு "ஸ்டேடியம் போப்பா" என்றேன்.

"எந்த ஸ்டேடியம்?"

"பெருசு."

அவர் பெரிசுக்கே கொண்டுபோய் விட்டார். இரும்புக் கேட், பெரிய பூட்டு. உள்ளே ஒரு காவலாளி நாற்காலியில் சாய்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்து உலுக்கினேன். "காலேஜ் பொண்ணுங்க பந்தாட்டம்?" "இங்க ஒண்ணும் இல்லப்பா இன்னிக்கி" என்று அவர் பேப்பரைத் திருப்பினார். நான் அவரிடம் சண்டை போட்டேன். இல்லாத ஆட்டத்தைக் காட்டு என்று ஒரு மனுஷனிடம் ஐந்து நிமிஷம் சண்டை போட்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால், மச்சான் அந்தக் காகிதத்தை நடைபாதையில் போன ஒரு பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அது நின்று, ஒரு விநாடி பார்த்துவிட்டு, காலேஜ் பெயர், எந்தச் சாலை, எந்த கேட் என்று எல்லாவற்றையும் படித்தது. "இது இங்க இல்லீங்க ஐயா. அந்தக் கோடி. மூணு மணிக்குள்ள வந்து முன்னால உக்காருங்கன்னு எழுதியிருக்காங்க. இப்ப மணி அஞ்சாகப் போகுதே?"

மச்சான் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று கண்ணை மூடினேன். "ஒனக்கும் இங்கிலீஷு படிக்கத் தெரியாதாடா?" என்றார். கோபமே இல்லை. எனக்கும் உனக்கும் ஒரே குறை, பாவம், என்கிற மாதிரி கேட்டார்.

இன்னொரு ஆட்டோ. ஒரு பாலத்து மேல் சிக்னலில் நின்றதும் மச்சான் இறங்கிவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். எதிரில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எம்பொண்ணு ஆடற காலேஜு எங்கங்க?" என்று கேட்டார். காலேஜ் பெயரைச் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. எம்பொண்ணு ஆடற காலேஜு. அதற்கும் ஜனங்கள் கை காட்டினார்கள்.

உள்ளே தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக. அதைத் தாண்டிச் சிவப்புச் செங்கல் படிக்கட்டு, அரை வட்டமாக, இரும்புத் தூண் வைத்த கூரை. நூறு வருஷத்து மனுஷர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பலகை குழிந்திருந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. கீழே என்னைப் போல ஒருவன், மைக் செட்காரன், முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் யாரும் ஒயரைச் சுற்ற மாட்டார்கள்.

மச்சானுக்கு அது தெரியாது. அவர் போய் முன் வரிசைப் பலகையில், பெண் எழுதியிருந்த மாதிரியே முன்னால், உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். சட்டைப் பொத்தானைச் சரிபண்ணினார். என்னைப் பார்த்து, "நல்லவேளை, இன்னும் ஆரம்பிக்கல போல. எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

கடவுளே, நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

பெண் மைதானத்துக் கோடியிலிருந்து வந்தாள். நீலச் சட்டை, முழங்காலில் மண், ஒரு காலில் காலுறை இறங்கியிருந்தது. படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றாள். "வந்துட்டியாப்பா" என்றாள்.

"ஆட்டம்?"

"முடிஞ்சிடுச்சி."

குனிந்து காலுறையை இழுத்துவிட்டாள். "ரெண்டு கோல் போட்டேன்" என்றாள். "மொத பாதி பூரா இந்தப் படியத்தான் பாத்துக்கினு இருந்தேன். அப்பால பாக்கறத வுட்டுட்டேன்."

நான் சொன்னேன், "பஸ்ஸு அச்சரப்பாக்கத்துகிட்ட ரிப்பேர் ஆயிடுச்சிம்மா. ரெண்டு மணி நேரம் நடு ரோட்டுல." மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். பஸ் எங்கேயும் ரிப்பேர் ஆகவில்லை. ஐந்து மணி பஸ்ஸிலிருந்து அவரை இறக்கியது நான், ஸ்டூலில் உட்கார வைத்தது நான், காகிதத்தைப் படித்த மாதிரி நடித்தது நான். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மஞ்சள் பையை நீட்டினார். அவித்த மல்லாட்டை, எங்கள் பக்கம் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். வெயிலில் ஊறிப் புளித்த வாடை வந்தது. அவள் நின்றபடியே இரண்டு உரித்துத் தின்றாள். "நல்லாக்கீது" என்றாள்.

பிறகு, "ஒக்காருப்பா" என்று சொல்லிவிட்டுப் போய், கிளம்பிக்கொண்டிருந்த சிநேகிதியிடமிருந்து பந்தை வாங்கினாள். தனியாக ஆடினாள். எதிரில் யாரும் இல்லை. ஆள் இருக்கிற மாதிரியே வளைந்தாள், ஏமாற்றினாள், திரும்பினாள். ஒரு பக்கம் ஆட்கள் கோல் கம்பத்திலிருந்து வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி வலை தொங்கிய கம்பத்துக்குள் பந்தை அடித்தாள். ஒரு ஆள், "ஏம்மா, ஒதுங்கு" என்று கத்தினான். மச்சான் முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, முன்னால் சாய்ந்து, கண் இமைக்காமல் பார்த்தார். நான் அவரை மட்டும் பார்த்தேன். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை. கேட் மூடப் போகிறோம் என்று விசில் கொடுத்தார்கள். அவள் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"பாத்தியாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் கதறினேன்.

"நீ ஓடனதப் பாத்தேன்மா" என்றார். "ஆட்டத்தப் பாக்கல."

அடுத்த வாரம் மலையடிவாரத்தில் மச்சான் வீட்டுக் குலதெய்வத்துக்கு முன்னால் பத்துப் பேர் கூடினோம். மச்சானின் அக்காள் வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துத் தம்பி கையில் கொடுத்தாள். "கண்ணால பாத்தியாடா? ஜனம் பாக்க அவ ஆடனத, அவ பெரிய ஆளுன்னு, பாத்திருந்தா அணச்சிட்டுச் சொல்லு. நான் இந்தப் பேச்ச இதோட வுட்டுடறேன்" என்றாள். நிஜமாகவே விட்டிருப்பாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. கற்பூரம் எரிந்தது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை தூக்கின மாதிரி இருந்தது, அப்படியே நின்றுவிட்டது. வெற்றிலை கருகிச் சுருண்டது. கையை உதறவும் இல்லை, அணைக்கவும் இல்லை. தானாக எரிந்து தீரும்வரை உள்ளங்கையில் வைத்திருந்தார்.

நான் கூட்டத்துக்குள் பாய்ந்து, "நான் பாத்தேன்! எங்கையில குடுங்க, நான் அணைக்கறேன்!" என்று கத்தினேன். சத்தியத்தில் விளையாடாதவன், வம்சம் போனாலும் போகட்டும் என்று கையை நீட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். மச்சானின் அக்காள்கூடச் சிரித்தாள். "இவன் ஒருத்தன், சாவு வூட்டுலயும் கூத்தடிப்பான்" என்றார் ஒருவர். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் சிரிக்க வைக்க நினைக்காமல் நான் பேசியது அது. அப்போதும் நான் சொன்னது பொய்தான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது, இந்த மனுஷனை இன்னொரு தரம் அனுப்புங்கள், நேர் பஸ்ஸில் அனுப்புங்கள் என்று காலில் விழுந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றியது பத்து நாள் கழித்து. அதற்குள், அப்பன் ஆட்டத்தைப் பார்க்காதது வராத கணக்குதான் என்று, பெண் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். சொன்ன சொல்லில் அவள் அவளுடைய அப்பன் மகள்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. தாய்மாமன் சீர் என்னுடையதுதானே. தாம்பாளத்தில் புடவையும் மாலையும் வைத்து மேளத்தோடு போனேன். மாலையைக் கழுத்தில் போடும்போது அவள் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாமா, அன்னிக்கி பஸ்ஸு எந்த ஊர்கிட்ட நின்னுடுச்சி?" என்று கேட்டாள்.

"ஒலக்கூர்கிட்டம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான், ஸ்டேடியத்தில் அச்சரப்பாக்கம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பொய் சொல்கிறவனுக்கு இருக்க வேண்டிய ஞாபகம்கூட எனக்கு இல்லை. அவள் தலையை நிமிர்த்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். மேளம் காதைப் பிளக்கிறது, பந்தல் முழுக்க ஜனம். அவள் உதடு அசைந்தது. அவள் என்ன சொன்னாள் என்றால்

"மாமா!"

அவளேதான். கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எல போட்டு எம்மா நேரம் ஆவுது. நீ வந்து தண்ணி சுத்துனாத்தான் அப்பாவுக்குப் படைக்க முடியும். இன்னா, பரிட்ச எழுதிக்கினு கீறியா?"

"தோ வரேம்மா. ஒரே வரி."

"ஒன் ஒரு வரி எவ்ளோ நீளம்னு எனக்குத் தெரியாதா? எழுந்திரு, சோறு ஆறுது."

போகிறேன். இதை மடித்து வைக்கப் போவதில்லை. காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் சொம்பை வைத்துவிட்டு, எழுத்து மேலே இருக்கும்படி கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். விளக்கு எடுக்க அவள் இந்த அறைக்குத்தான் வர வேண்டும். எழுத்தைக் கண்டால் நின்று படிக்கிறவள் அவள்.